அப்பாவின் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு

"இது உங்கப்பா நெத்தி இல்லடி!"

செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அம்மா இப்படிச் சொன்னதும் மகளுக்குச் சுருக்கென்றது. முந்தைய நாள் ராத்திரி ஒன்றரை மணி வரை கண்விழித்து அவள் சரிசெய்த படம் அது. காலையில் காபியோடு காட்டினால் அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள்.

கும்பகோணத்தில் இருக்கும் அந்த வீட்டில் அப்பா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. முதல் வருடத் திதிக்கு இன்னும் பன்னிரண்டே நாள். கூடத்தில் மாலையோடு தொங்குவது, எதற்கோ அவசரமாக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கியது. கழுத்து வரை பட்டன் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ அதட்டியது போல நிற்கும் ஒரு மனிதர். "அவரு ஒரு நாளும் இப்படி இருந்ததில்ல" என்று அம்மா பல தடவை சொல்லிவிட்டார். திதிக்குள் நல்ல படம் ஒன்றை மாட்டிவிட வேண்டும் என்று, சென்னையில் வேலை பார்க்கும் மகள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

எந்தப் படம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஒன்றுதான். ஐந்து வருடங்களுக்கு முன் திருக்கடையூரில் நடந்த மணிவிழாவில் எடுத்தது.

குளிர்ந்த தண்ணீரும் ஃபிளாஷ் வெளிச்சமும்

திருக்கடையூர் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த காலசம்ஹாரமூர்த்தி இருக்கும் ஊர். 60, 70, 80 வயதைத் தொட்டவர்கள் ஜோடியாக வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஹோமம் முடிந்ததும் தம்பதியை உட்காரவைத்து, பூஜை செய்த கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள்.

அன்றைக்குத் தை மாதக் காலை. முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் அப்பா தோளைக் குறுக்கிக்கொண்டு "ஆ"வென்று வாயைத் திறந்தார். பக்கத்தில் நனைந்து உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பார்த்து, அத்தனை உறவுக்காரர்கள் முன்னால், கூச்சத்தை மறந்து சிரித்துவிட்டார். போட்டோகிராபர் சரியாக அந்த நேரம் பார்த்து கிளிக் செய்தார். நாற்பது வருட வாழ்க்கையில் இருவரும் ஒன்றாக வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படம்.

ஒரே ஒரு குறை. அப்பாவின் இடது புருவத்துக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு.

காரணம் எளிது. காய்ந்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறவிடும். நனைந்த தோல் கண்ணாடி மாதிரி. எதிரே அடிக்கும் ஃபிளாஷை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். நெற்றி, மூக்கு நுனி, கன்னத்து மேடு இந்த மூன்றும்தான் முதலில் மாட்டும். வியர்த்த முகம், எண்ணெய் வழியும் முகம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் இப்படிப் பத்துப் படமாவது கிடைக்கும்.

ஆல்பத்தில் சின்னதாக ஒட்டியிருந்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை. 12க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கினால்? நெற்றியில் யாரோ காகிதத்தை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும்.

விரலால் தேய்த்தால் போய்விடும்

தம்பி எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மகளின் போனில் இருந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்நாப்சீட் ஆப்பைத் திறந்தாள். முதலில் 'ஹைலைட்ஸ்' என்பதைக் குறைத்துப் பார்த்தாள். வெளிச்சமான இடங்களை மட்டும் அடக்கும் வசதி அது. அம்மாவின் பட்டுப்புடவை ஜரிகையில் மறைந்திருந்த வேலைப்பாடு மெல்ல எட்டிப் பார்த்தது. அப்பாவின் வெள்ளை வேட்டியில் மடிப்புகள் தெரிந்தன. ஆனால் நெற்றித் திட்டு மட்டும் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாறியதே தவிர, தோலாக மாறவில்லை. இன்னும் குறைத்தாள். ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்தது போல ஆனது.

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணமாக நாம் பார்க்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை. வேட்டியின் மடிப்பில் 240, 248 என்று வித்தியாசம் மிச்சமிருந்ததால் சாஃப்ட்வேர் அதைப் பிரித்துக் காட்டியது. திட்டுக்குள் எல்லாப் புள்ளியும் 255. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று குறிக்காமல் 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மட்டும் மாட்டிய தியேட்டர் மாதிரி. போர்டை இறக்கலாம். உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று போர்டு சொல்லாது.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று 'ஹீலிங்' என்ற கருவியை எடுத்தாள். முகப்பரு, சுவர்க்கறை போன்றவற்றை மறைப்பதற்கு உள்ளது. திட்டின்மேல் விரலால் நாலு தடவை தேய்த்தாள். பக்கத்தில் இருக்கும் தோலை எடுத்து அந்த இடத்தில் நிரவிவிட்டது. அவ்வளவுதான். வழுவழுவென்று, மாசு மருவில்லாத நெற்றி. அவளுக்கே நம்ப முடியவில்லை.

அந்த நெற்றியைத்தான் அம்மா காலையில் 'இல்லை' என்றுவிட்டார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? அந்த வெள்ளைதான் போயிடுச்சே."

"வெள்ளை போச்சு சரி. தழும்பு எங்க?"

குனிஞ்சு வாங்க!

தழும்பா? மகளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. யோசித்தபோது ஞாபகம் வந்தது. புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு கோடு உண்டு. அப்பா குளித்த கையோடு நெற்றி நிறைய விபூதி பூசிவிடுவார் என்பதால் அது வெளியே தெரிந்ததே கிடையாது. பாஸ்போர்ட் போட்டோவிலும் விபூதிக்கு அடியில்தான் இருக்கிறது. அவளும் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா சொன்னார். கல்யாணமான புதிதில் காவிரிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார்களாம். அப்பா நல்ல உயரம். வாசல் நிலையோ குட்டை. குடிவந்த முதல் வாரத்திலேயே மூன்று தடவை இடித்துக்கொண்டார். நான்காவது தடவை, சைக்கிளை நிறுத்திவிட்டு மழைக்குப் பயந்து ஓடிவந்தவர், மடேரென்று முட்டிக்கொண்டார். ரத்தம் கொட்டியது. அம்மா காபிப்பொடியை அள்ளி அப்பி, பக்கத்து வீட்டு மாமாவோடு டாக்டரிடம் அனுப்பினார். மூன்று தையல்.

"அப்பல்லாம் உங்கப்பாகிட்ட நான் சரியா பேசக்கூட மாட்டேன். பயம், வெக்கம் எல்லாந்தான். மறுநாள்லேர்ந்து சைக்கிள் பெல் சத்தம் கேட்டா போதும், அடுப்படிலேர்ந்து 'குனிஞ்சு வாங்க'ன்னு கத்துவேன். அவருகிட்ட நான் சத்தமா பேசின முதல் பேச்சே அதான். நாலு வருஷம் அந்த வீட்ல இருந்தோம். ஒரு நாள் விடாம சொன்னேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வீடு மாறிட்டோம்."

சொல்லிவிட்டு அம்மா போனை மறுபடியும் பார்த்தார். "அன்னிக்குத் தண்ணி ஊத்துனதுல விபூதியெல்லாம் கரைஞ்சு போச்சு. தழும்பு நல்லாத் தெரிஞ்சுது. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

மகள் போனை வாங்கி, தான் திருத்திய படத்தை அழித்தாள்.

நல்லவேளை, பழைய படம் அப்படியே இருந்தது. திருத்திய படத்தை அவள் தனிப் பிரதியாகத்தான் சேமித்திருந்தாள். எந்த ஆப்பில் திருத்தினாலும் அசலின் மேலேயே சேமிக்காமல் தனியாக வைப்பது நல்லது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஸ்டுடியோவில் ஒரு மாலை

அன்று சாயங்காலமே அந்த போட்டோகிராபரின் ஸ்டுடியோவுக்குப் போனாள். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஃபிலிம் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "அஞ்சு வருஷம் ஆச்சேம்மா. ஹார்ட் டிஸ்க்ல இருந்தா உன் அதிர்ஷ்டம்" என்றபடி டிராயரைத் திறந்தார். ஏழெட்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் வருடம் எழுதியிருந்தது. மூன்றாவதைச் சொருகியபோது அது டக் டக்கென்று சத்தம் போட்டது. அவர் முகம் மாறியது. பிடுங்கி, வேறு கேபிளில் சொருகினார். சத்தம் நின்றது. திருக்கடையூர் என்ற ஃபோல்டர் வந்தது. மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வாட்ஸ்அப்ல வந்ததை வெச்சு வேலை செஞ்சா இப்படித்தான். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். இனிமே யாருக்காவது அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு. அப்படியே முழுசா போகும்" என்றவர், ஒரு ஃபைலைத் திறந்தார். "எல்லாத்தையும் இப்படி எடுக்க மாட்டேன், இடம் அடைக்கும். தாலி கட்டறது, தண்ணி ஊத்தறது மாதிரி திரும்பக் கிடைக்காத நேரத்துக்கு மட்டும் ரா ஃபைலும் சேர்த்து எடுப்பேன்."

ரா என்றால் சமைக்காத பச்சைக் காய்கறி மாதிரி. ஜேபெக் எடுக்கும்போது கேமராவே சமைத்து, வேண்டாம் என்று தான் நினைத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தருகிறது. ராவில் கேமராவின் சென்சார் பார்த்தது அத்தனையும் இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். வெளிச்சத்தை இறக்கிக் கொண்டுவர இடம் அதிகம்.

அவர் லைட்ரூம் சாஃப்ட்வேரில் படத்தைத் திறந்து ஒரு பட்டனைத் தட்டினார். எந்தெந்த இடம் முழுக்க வெந்து போயிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு பூசிக் காட்டியது. அப்பாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம். ஹைலைட்ஸை இறக்க இறக்க அந்த வட்டம் சுருங்கியது. ஓரங்களில் தோல் நிறமும் துளைகளும் திரும்பி வந்தன. "ஓரத்துல சிவப்பு நிறம் மட்டும்தான் நிரம்பிப் போயிருக்கு. பச்சையும் நீலமும் மிச்சமிருக்கு. அதை வெச்சுக் கண்டுபிடிக்குது. நடுவுல மூணுமே போச்சு" என்றார். நாணயம் அளவு இருந்தது பொட்டு அளவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் நகரவில்லை.

தழும்பு அந்தப் பொட்டுக்கு அடியில்தான் இருந்தது.

கூட வேலை பார்க்கும் பையன் எட்டிப் பார்த்தான். "ஏ.ஐ.ல போடுங்கண்ணே. செலக்ட் பண்ணி ஒரு தட்டு தட்டினா நெத்தி வந்துடும்."

"வரும்டா. ஒரு நெத்தி வரும். அவங்கப்பா நெத்தி வருமா? தழும்புன்னு எழுதிக் கேட்டா தழும்பும் போடும். அது எவன் தழும்போ!"

மகளுக்கு முந்தைய ராத்திரி ஞாபகம் வந்தது. அவளும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருந்தாள்.

அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவில் வெளிச்சம்தான் கறுப்பாக இருக்கும். முகத்தில் ஃபிளாஷ் அடித்து நெகட்டிவில் கறுப்பு அப்பியிருந்தால், கூர்மையான கத்தியால் அந்த மேல்பூச்சை மயிரிழை கனத்துக்குச் சுரண்டுவார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் நெகட்டிவே போச்சு. பருவையும் சுருக்கத்தையும் மறைக்க நெகட்டிவ் மேல் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். "2002ல ஃபோட்டோஷாப் 7 வந்துது. அதுல ஹீலிங் பிரஷ் கொடுத்தான். நாலு மணி நேர வேலை நாலு நிமிஷமாச்சு. அந்த சந்தோஷத்துல வர்ற முகத்தையெல்லாம் வழவழன்னு தேச்சுவிட்டேன். ஒரு நாள் ஒரு பாட்டியம்மா வந்து, 'நல்லா இருக்கு தம்பி, யாரு இது?'ன்னு கேட்டுச்சு. அதோட நிறுத்தினேன்."

பேசிக்கொண்டே அடுத்த படத்தைத் தட்டினார். அதற்கடுத்ததையும் தட்டினார். கையை நிறுத்தினார்.

தண்ணீர் ஊற்றும்போது அவர் விடாமல் ஐந்து படம் எடுத்திருந்தார். ஆல்பத்தில் போட்டது இரண்டாவது. மூன்றாவதில் அப்பா கண்ணை இறுக மூடியிருந்ததால் அதை யாரும் சீண்டவில்லை. ஆனால் அதில் அப்பா தலையை இம்மியளவு திருப்பியிருந்தார். ஃபிளாஷ் வெளிச்சம் புருவத்தை விட்டு நகர்ந்து கன்னத்துக்குப் போய்விட்டது. புருவத்துக்கு மேலே, நீர் வழியும் தோலில், கடைவாய்ப்பல் நீளத்துக்கு ஒரு கோடு. மூன்று தையல்.

கடன் வாங்காத தோல்

அடுத்த ஒரு மணி நேரம் அவர் வேலை செய்ததை மகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாவது படத்திலிருந்து நெற்றிப் பகுதியை மட்டும் எடுத்து, இரண்டாவது படத்தின் மேல் தனி லேயராக வைத்தார். தலை திரும்பிய கோணத்துக்கு ஏற்ப லேசாகச் சாய்த்தார். பொட்டு அளவு இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்தார். ஓரங்கள் ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல் மென்மையான பிரஷால் கரைத்தார். மூக்கு நுனியில் இருந்த சின்னப் பளபளப்புக்கு குளோன் ஸ்டாம்ப் கருவியை 'டார்க்கன்' முறையில் வைத்து, 20 சதவிகித அழுத்தத்தில் இரண்டு தடவை தொட்டார். அந்த முறையில், எடுக்கும் நிறத்தைவிட வெளிச்சமான புள்ளிகள் மட்டும்தான் மாறும். தோலின் துளைகள் அப்படியே இருக்கும்.

"அண்ணா, இதுவும் ஒட்டுப்போடறதுதானே? நான் செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "நீ பக்கத்துல இருக்கற தோலை இழுத்து மூடின. அங்க என்ன இருந்துச்சுன்னு உனக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது. இது அதே ஆளு, அதே இடம், அதே தண்ணி. ஒரு செகண்டுகூட தள்ளியிருக்காது. வெளியில கடன் வாங்கல, அவருகிட்டேருந்தே எடுத்து அவருக்கே குடுக்கறோம். ஆனாலும் ஒட்டுன்னா ஒட்டுதான். அம்மாகிட்ட சொல்லிட்டே குடு."

கடைசியில் அவர் ஒன்று செய்தார். ஒட்டிய லேயரின் அழுத்தத்தை 100லிருந்து 80க்குக் குறைத்தார். போன பளபளப்பு லேசாகத் திரும்பி வந்தது. மகள் பதறினாள்.

"இருக்கட்டும்மா. தலையில தண்ணி ஊத்தியிருக்கோம். நெத்தி மின்னாம எப்படி இருக்கும்? மொத்தமா எடுத்தா பவுடர் பூசின மாதிரி ஆயிடும்."

கிளம்பும்போது, திதிக்கு அவள் போனில் படம் எடுப்பாள் என்று தெரிந்து ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார். திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். அதைக் கீழே இழுத்து, நெற்றியின் பளபளப்பு அடங்கியதும் எடுக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் கவலையில்லை. இருட்டில் இருப்பதைப் பெரும்பாலும் பிறகு வெளியே கொண்டுவந்துவிடலாம். வெள்ளையில் போனது போனதுதான். அதையும்விடச் சுலபமான வழி, எடுப்பதற்கு முன்னால் முகத்தை ஒரு துண்டால் ஒற்றி எடுப்பது.

இரண்டு நாள் கழித்து பிரேம் போட்டு வந்தது. மகள் ஒளிக்கவில்லை. கண்ணை மூடியிருந்த மூன்றாவது படத்தையும் ஒரு சின்னப் பிரிண்டாகக் கொண்டுவந்து, "தழும்பு இதுலேர்ந்து எடுத்தது" என்று சொன்னாள்.

அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பிரேமின் கண்ணாடி மேல், புருவத்துக்கு மேலே விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிரிண்டைச் சாமி அலமாரியில், விபூதி மடலுக்குப் பின்னால் சாத்திவைத்தார்.

எங்கே மாட்டுவது என்ற பேச்சு வந்தது. தம்பி ஸ்டூலில் ஏறி, கூடத்திலிருந்து உள்ளே போகும் வாசலின் நிலைக்கு மேலே ஆணி அடிக்கப் பார்த்தான். வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும் இடம் அதுதான்.

"அங்க வேணாம்ப்பா" என்றார் அம்மா.

"ஏம்மா? நல்லாத் தெரியுமே."

"அவருக்கும் நிலைக்கும் என்னிக்குமே ஆகாது. கொஞ்சம் தள்ளி மாட்டு."